கணினி நம்முடையது என்றால் சாவியும் நம்மிடம்தான் இருக்க வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. வீட்டில் ஒரு கணினியோ லேப்டாப்போ வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்கிற வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக ஒரு வருட அவகாசம் அறிவித்தார்கள். அன்றிலிருந்து நம் திருவண்ணாமலையில் நான் காலை நடைக்குப் போனாலும் சரி, பென்ஷனர் கூட்டத்துக்குப் போனாலும் சரி, பேச்சு எப்படியோ சுற்றி வந்து இதில் நின்றுவிடுகிறது.

"விண்டோஸ் 11 போடப் பார்த்தேன் சார், இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு வருது."

"டிபிஎம் இல்லையாம் சார். அப்படின்னா என்ன?"

"அப்டேட் போட்டேன். செக்யூர் பூட் வயலேஷன்னு ஒரு கட்டம் வந்து அப்படியே நின்னுடுச்சு."

"நீலத் திரையில 48 இலக்க நம்பர் கேக்குது. அந்த நம்பர் யார்கிட்ட சார் இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நேரங்களில் இந்தச் செய்திகள் வந்தால் கணினி கெட்டுப்போய்விட்டது என்று பொருள் இல்லை. உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது, அது திறக்க மறுக்கிறது, அவ்வளவுதான். பூட்டு இருப்பதே நமக்குத் தெரியாது. சாவி எங்கே என்று விற்றவரும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லித் தரவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் கையில் சாவி இல்லை என்பதுதான் இங்கே உண்மையான கோளாறு.

பூட்டு எதற்கு என்று முதலில் பார்ப்போம்.

கணினியின் பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் நேராக வந்துவிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் எழுதி வைத்திருக்கும் சிறு நிரல்தான் முதலில் கண் விழிக்கிறது. அதன் பெயர் ஃபர்ம்வேர். பழைய நாளில் பயாஸ் என்றோம். இப்போது வருவது யூஇஎஃப்ஐ. கீபோர்டு இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இனி நீ பார்த்துக்கொள்" என்று விண்டோஸிடமோ லினக்ஸிடமோ பொறுப்பை ஒப்படைக்கும் வேலை அதனுடையது.

ஹார்ட் டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி போட்டாலும் ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும். அதனால் திருடர்களுக்கு அந்த இடத்தின் மேல் எப்போதும் ஒரு கண். என் வயதுக்காரர்களுக்கு 1999 ஏப்ரல் 26 நினைவிருக்கலாம். செர்னோபில் வைரஸ் என்று சொல்லப்பட்ட சிஐஎச் வைரஸ் அன்றைக்குப் பல நாடுகளில் கணினிகளின் பயாஸ் சிப்பையே அழித்தது. பயாஸ் அழிந்த கணினி திரையில் ஒரு எழுத்துகூடக் காட்டாது. 2023 மார்ச்சில் பிளாக்லோட்டஸ் என்ற இன்னொன்றைப் பற்றி ஈசெட் நிறுவனம் எழுதியது. அது விண்டோஸ் விழிப்பதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்துகொள்ளும். எல்லா அப்டேட்டும் போட்ட விண்டோஸ் 11-ஐக்கூட அது ஏமாற்றியது. நமக்கு முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டவனை வாசல் கதவில் நிற்கும் ஆன்டிவைரஸ் எப்படிப் பிடிக்கும்?

இதற்காக வந்ததுதான் செக்யூர் பூட். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலாயிற்று. நம் கோயிலுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். ராஜகோபுரம், அதைத் தாண்டினால் வல்லாள மகாராஜா கோபுரம், அதையும் தாண்டினால் கிளி கோபுரம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலர் நிற்கிறார், அடுத்து வருபவரின் அடையாளச் சீட்டில் உள்ள கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் முதல் காவலர் ஃபர்ம்வேர். அவரிடம் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று, யார் கையெழுத்து செல்லும் என்ற பட்டியல். மற்றது, யாரை உள்ளே விடக்கூடாது என்ற தடைப் பட்டியல். அப்டேட்கள் வரும்போது இந்த இரண்டு பட்டியலும் மாறலாம். நேற்று வரை செல்லுபடியான சீட்டு இன்று தடைப் பட்டியலில் இருந்தால் காவலர் கையை நீட்டித் தடுப்பார். நாம் பார்க்கும் "செக்யூர் பூட் வயலேஷன்" அதுதான்.

டிபிஎம் என்பது இன்னொரு ஆள். கணினிக்குள் இருக்கும் ஒரு சின்ன இரும்புப் பெட்டி என்று சொல்லலாம். ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிய சாவியை அது தனக்குள் வைத்துக்கொள்ளும். ஃபர்ம்வேரும் மற்றவையும் நேற்று இருந்தபடியே இருந்தால்தான் சாவியை வெளியே நீட்டும். ஏதாவது மாறியிருந்தால், "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, உரிமையாளரை வரச் சொல்" என்று நின்றுவிடும். அப்போதுதான் அந்த நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கிறது.

ஆக, காவலரும் பெட்டியும் தங்கள் வேலையைத்தான் செய்கிறார்கள். உரிமையாளருக்கு இந்த விவரம் தெரியாததால் காவலரைத் திருடன் என்று நினைத்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். எச்.எம். அம்மா என்றுதான் தெருவில் எல்லோரும் கூப்பிடுவார்கள். கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவர் கடைசி நாட்களில் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளைப் பதிவுசெய்து லேப்டாப்பில் வைத்திருந்தார் அந்த அம்மா. ஒருநாள் "பயாஸ் அப்டேட் இருக்கிறது" என்று திரையில் வந்தது. சரி என்று அழுத்தினார். மறுபடி திறந்தபோது நீலத் திரை, 48 இலக்க எண்.

கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, "மதர்போர்டு சந்தேகமா இருக்கு மேடம், எதுக்கும் ஃபார்மட் போட்டுடலாம். டேட்டா எல்லாம் போயிடும்" என்று சொல்லியிருக்கிறான். நல்ல வேளை, அம்மா ஒருநாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், அவர் குரல் இதுக்குள்ளதான் இருக்கு. இதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. லேப்டாப் போனாலும் பரவாயில்லை."

"யார் வாங்கிக் குடுத்ததும்மா? முதல்ல யாரோட மெயில் ஐடி போட்டுத் திறந்தீங்க?" என்று கேட்டேன்.

"பெரியவன்தான் பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வந்தான். அவன் ஐடிதான் போட்டான்."

பையனுக்குப் போன் போட்டோம். அவர் தன்னுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பட்டியலில் இந்த லேப்டாப்பைத் தேடினார். மீட்புச் சாவி அங்கேயே இருந்தது. அவர் தொகுப்பு தொகுப்பாக எண்களைச் சொல்லச் சொல்ல அம்மா தட்டினார். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுப்பு. கால் மணி நேரத்தில் லேப்டாப் திறந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு ஃபார்மட் போட்டிருந்தால் அந்தக் குரல் போயிருக்கும். அந்தக் கடைப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இழப்பு அந்த அம்மாவுக்குத்தான்.

இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு நம் ஊரில் மூன்று ஆலோசனை கிடைக்கிறது. மூன்றும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் ஆலோசனை, "ஃபார்மட் போடு." இதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். 2024 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. நாம் கேட்காமலேயே பூட்டிவிட்டுச் சாவியை அந்தக் கணக்கில் வைத்துவிடுகிறார்கள். இது தெரியாமல் ஃபார்மட் போடுவது, சாவி சட்டைப் பையில் இருக்கும்போதே வீட்டை இடிப்பது போல.

இரண்டாவது ஆலோசனை, "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு, எல்லாம் சரியாயிடும்." பழுது பார்க்கும்போது பத்து நிமிடம் அணைத்து வைப்பதில் தவறில்லை. சில கோளாறுகளை அப்படித்தான் சரிசெய்ய முடியும். ஆனால் அப்படியே விட்டுவிடக் கூடாது. பேங்க் வேலை, பென்ஷன் வாழ்நாள் சான்று, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அந்தக் கணினியில்தான் நடக்கிறது. பூட்டு மக்கர் செய்தது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவோமா?

மூன்றாவது ஆலோசனை, "பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்ற செய்திக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் சில, பைசா செலவில்லாமல் சரியாகக்கூடியவை.

எப்படி என்று சொல்கிறேன். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ வேண்டும், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், அவர்கள் பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலியை ஓட்டினால் இதில் எது குறைகிறது என்று சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் பயப்படாதீர்கள். பல டெஸ்க்டாப் கணினிகளில் டிபிஎம் இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அது பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். உள்ளே போய் எனேபிள் செய்தால் போதும். அங்கேயே "கிளியர் டிபிஎம்" என்று ஒன்று இருக்கும். மீட்புச் சாவி கையில் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

செக்யூர் பூட் இல்லை என்று வந்தால், கணினி பழைய லெகசி முறையில் ஓடிக்கொண்டிருக்கலாம். நேரடியாக யூஇஎஃப்ஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் திறக்காது. ஏனென்றால் ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அதை ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்து, பிறகு மாற்றி, பிறகுதான் பயாஸில் கைவைக்க வேண்டும். இந்த வரிசை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். "முதல்ல என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று கேளுங்கள். "பேக்கப்" என்று பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. "சார், எல்லாத் தப்பும் எங்க அறியாமைதானா? கம்பெனிக்காரங்க ஒழுங்கா?" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். டிடிபி சென்டர் வைத்திருப்பவர். அவர் கேட்டது சரிதான். பூட்டுச் செய்கிறவர்களும் ஒழுங்கில்லை.

2016 ஏப்ரலில் விண்டோஸ் 7-க்கு ஒரு அப்டேட் வந்தது. ஏசூஸ் மதர்போர்டு வைத்திருந்த பலருக்கு மறுநாள் கணினி திறக்கவில்லை, செக்யூர் பூட் வயலேஷன் என்று நின்றது. செக்யூர் பூட்டையே அறியாத விண்டோஸ் 7 ஓடும் கணினியில், போர்டு அதை இயக்கி வைத்திருந்தது. இரு கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர் வாங்கியவர்.

2024 ஆகஸ்ட் 13-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் வெளியிட்டது. ஓட்டையுள்ள பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடைப் பட்டியலில் சேர்க்கும் அப்டேட் அது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினிகளை இது தொடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட்டது. உலகம் முழுக்கப் பலருடைய லினக்ஸ், "ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடை விதியை ஒரு கட்டளையால் நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டை இயக்கித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் நிரந்தரத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. ஒன்பது மாதம்!

எல்லாவற்றையும் மிஞ்சியது 2024 ஜூலையில் பைனர்லி என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட செய்தி. ஃபர்ம்வேர் தயாரிக்கும் ஏஎம்ஐ நிறுவனம் சோதனைக்காக மட்டும் ஒரு தலைமைச் சாவி வைத்திருந்தது. அதன் பெயரிலேயே "இதை நம்பாதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பிரபலமான பல கம்பெனிகள் அதை மாற்றாமல் அப்படியே தங்கள் கணினிகளில் வைத்து விற்றிருக்கின்றன. நூற்றுக்கணக்கான மாடல்கள். அப்படிப்பட்ட சாவி ஒன்றின் ரகசியப் பகுதி இணையத்தில் வெளியாகியும் கிடந்தது. பரீட்சைப் பேப்பரில் "மாதிரி" என்று பெரிதாக அச்சடித்திருக்கும் வினாத்தாளையே பொதுத்தேர்வுக்குக் கொடுத்தது போல.

இதையெல்லாம் பார்த்துவிட்டு "அப்படியானால் இந்தப் பூட்டே வேண்டாம்" என்ற முடிவுக்கு நான் வரவில்லை. கம்பெனிகள் இவ்வளவு கவனக்குறைவாக இருக்கும்போது, சாவி விஷயத்தை முழுக்க அவர்கள் கையிலேயே விட்டுவிடக் கூடாது என்ற முடிவுக்குத்தான் வருகிறேன்.

பழைய கணினிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் மாவட்டத்தில் செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கத்து கிராமத்துப் பிள்ளைகள் முதன்முதலில் ஒரு கணினியைத் தன்னுடையது என்று தொட்டது அதில்தான். அந்த லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். நிறையப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. "அது வேற ஏதோ சார்" என்று சொல்லிவிட்டு விண்டோஸுக்குப் போய்விடுவார்கள்.

இன்று அந்த "வேற ஏதோ" நமக்குத் தேவைப்படுகிறது. பிராசஸர் பழையது என்பதால் விண்டோஸ் 11 மறுக்கிற கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ நன்றாக ஓடும். பணம் கட்ட வேண்டியதில்லை. உபுண்டுவுக்கு செக்யூர் பூட்டை அணைக்கவும் வேண்டாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுத, வீடியோ பார்க்க, விண்ணப்பம் போட, பிள்ளைகள் படிக்க வேறென்ன வேண்டும்? நம் பக்கத்து மாநிலமான கேரளாவில் அரசுப் பள்ளிக் கணினிகள் பல வருடமாக லினக்ஸில்தான் ஓடுகின்றன. அந்தப் பிள்ளைகள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

லினக்ஸ் போடும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனம். சில வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களுக்காக நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுபடி திறக்கும்போது நீலத் திரையில் எம்ஓகே மேனேஜ்மென்ட் என்று ஒரு பட்டியல் வரும். பயந்துபோய் "கன்டினியூ பூட்" அழுத்திவிடாதீர்கள். "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். இது காவலரிடம் போய், "இவரும் நம்ம ஆள்தான், பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று உரிமையாளர் நேரில் சொல்வது. இந்த முழுக் கதையிலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான். சாவி நம் கையில் வருகிற இடம்.

சரிபார்ப்புகளை ஏமாற்றி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாற்றவே கிளம்பினோம்?

இனி, ஆசிரியராக நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம்.

ஒரு பள்ளிக்கு உதவிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். கணினி அறையில் பத்து டெஸ்க்டாப். விண்டோஸ் 11-க்குத் தகுதியானவைதான், டிபிஎம்-ஐ எனேபிள் செய்தால் போதும். ஆனால் பயாஸுக்குள் போகக் கடவுச்சொல் கேட்டது. தலைமையாசிரியருக்குத் தெரியவில்லை. கணினி ஆசிரியர் மாறுதலில் வந்தவர், அவருக்கும் தெரியவில்லை. சப்ளை செய்தவர்கள் போனை எடுக்கவில்லை. பத்துக் கணினியும் துணி போர்த்திக் கிடந்தன. பிள்ளைகள் செய்முறை வகுப்பைக் கரும்பலகையில் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, விவரம் தெரிந்த ஒரு பழைய மாணவரை வைத்து, போர்டில் உள்ள ஜம்பரை மாற்றித் திறந்தோம். டெஸ்க்டாப் என்பதால் முடிந்தது. பல லேப்டாப்களில் இது முடியாது.

பெஞ்சு எத்தனை, பீரோ எத்தனை, உடைந்த நாற்காலி எத்தனை என்று ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதி வைக்கிறோம். பீரோ வாங்கினால் இரண்டு சாவியும் வந்ததா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறோம். கணினிக்கு மட்டும் ஏன் இல்லை? என் கோரிக்கைகள் இவை.

பள்ளி, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம் என்று பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும் பயாஸ் கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் உறையிலிட்டு முத்திரை வைத்து ஒப்படைக்கப்பட வேண்டும். பொறுப்பு மாறும்போது அந்த உறையும் கைமாற வேண்டும்.

கணினி விற்கும் கடைக்காரர்கள், நம் ஊர் பிள்ளைகள்தான் நிறையப் பேர், பில்லோடு ஒரு தாளில் மீட்புச் சாவியையும் எந்தக் கணக்கில் அது இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் கடை மேல் நம்பிக்கை வரும்.

பதினோராம் வகுப்புக் கணினிப் பாடத்தில் விண்டோஸும் உபுண்டுவும் சொல்லித் தருகிறோம். அதோடு ஃபர்ம்வேர், செக்யூர் பூட், மீட்புச் சாவி இந்த மூன்றுக்கும் ஒரு செய்முறை வகுப்பு ஒதுக்குங்கள்.

"வயசானவங்களுக்கு இதெல்லாம் எங்க சார் புரியும்?" என்பார்கள். ஏடிஎம் ரகசிய எண்ணைப் பழகிக்கொண்டோம். ஓடிபி-யை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பழகிக்கொண்டோம். எச்.எம். அம்மா இப்போது அந்த 48 எண்களை டைரியில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் இன்னும் நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்துவிட்டார்.

உங்களுக்கான சுருக்கம் இது:

1. உங்கள் கணினியை முதலில் திறக்க யாருடைய மெயில் ஐடி போட்டார்கள் என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் உள்ள மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் சேமிக்காதீர்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போலாகிவிடும்.

2. பயாஸ் அப்டேட்டுக்கு முன்பு முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

3. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் பயாஸ் அப்டேட் வேண்டவே வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருக்கட்டும், சார்ஜரும் சொருகியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். பாதியில் நின்றால் அதுதான் உண்மையான மதர்போர்டு சாவு.

4. பிழைச் செய்தி வந்தால் முதலில் போனில் ஒரு போட்டோ எடுங்கள். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் யாராலும் உதவ முடியாது.

5. செக்யூர் பூட்டுக்காக 2011-இல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. புதிய 2023 சான்றிதழ்கள் அப்டேட் வழியாக வருகின்றன. அது வராத கணினியும் திறக்கும். ஆனால் தொடக்க நிலைப் பாதுகாப்புக்கான புதிய திருத்தங்கள் அதற்குக் கிடைக்காது. எனவே விண்டோஸ் அப்டேட்டையும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் ஐந்தில் முதலாவதை மட்டுமாவது செய்துவிடுங்கள். மற்ற நான்குக்கும் நேரம் இருக்கிறது. சாவியைத் தேடுவதற்குச் சரியான நேரம், கதவு திறந்திருக்கும்போதுதான்.

வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கும் பிள்ளைகளே, இன்று இரவு போன் பேசும்போது அந்த 48 எண்களையும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.